கித்தாரின் முதுகுச்சட்டம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இம்மாதம் யாம் பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபொழுது, வழக்கம்போல இலக்கியப் பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பார்கள். “கித்தாரின் முதுகுச்சட்டம்” என்று யாம் எழுதியனுப்பிய தலைப்பைக் கண்டு, கைப்பிழையோ என்று ஆள்விட்டுக் கேட்டார்கள். பிழையன்று. சென்ற ஆண்டுத் தைத்திங்களில் இதே மேடையில், எம் மருகன் செய்த கித்தாரொன்றை யாம் கையிலேந்திக் காட்டினோம். நீங்களனைவீரும் கைதட்டி வாழ்த்தினீர்கள். அவ்வாழ்த்தினைப் பெறுந்தகுதி அன்று அக்கருவிக்கு இல்லையென்பதை நான்கு திங்களுக்குள் யாம் அறிந்தோம். அறிந்ததனைச் சொல்லாதிருத்தல் முறையன்று ஆதலின், இன்று அதனையே பேசப் புகுந்தோம்.

கித்தார் மேனாட்டுக் கருவி. அதற்கும் நமக்கும் என்ன உறவென்று சிலர் ஐயுறலாம். உறவு தச்சுத்தொழிலின் வழியது. செர்மனி தேயத்துச் சாக்சனி நாட்டில் மார்க்நாய்கிர்ச்சென் என்றோர் ஊருண்டு. இசைக்கருவி செய்வார் நிறைந்த ஊர். அங்கே வயலின் செய்வார் ஒரு குழுவாகவும், பெட்டி அலமாரி முதலியன செய்யும் தச்சர் மற்றொரு குழுவாகவும் இருந்தனர். கித்தார் செய்வாருட் பலர் தச்சர் குழுவினர். 1826-ஆம் ஆண்டு தொடங்கி வயலின் குழுவினர், கித்தார் செய்யும் உரிமை தமக்கேயென்றும், பெட்டி செய்வார்க்கு இசைக்கருவியில் என்ன வேலையென்றும் அரசினரிடம் வழக்காடினர். தீர்ப்புத் தச்சர் பக்கமே நின்றது. ஆயினும் அத்தச்சருள் ஒருவராகிய கிறிஸ்தியான் பிரெடெரிக் மார்ட்டின் என்பார் 1833-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் பெயரால் இன்றும் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத்தென்னும் ஊரில் கித்தார்கள் செய்யப்பெறுகின்றன. இசுப்பானியாவில் இக்காலக் கித்தாரின் வடிவை நிலைநிறுத்திய அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்பாரும் முதலிற் பயின்றது தச்சுத்தொழிலே. ஆகவே தச்சன் கை கித்தாரைத் தொடுதல் புதுமையன்று.

இனி முதுகுச்சட்டம் என்பது யாதென்று சொல்லுதும்.

நம் நாட்டு வீணைக்குடம் பலாமரத்தைக் குடைந்து செய்யப்பெறுவது. குடைந்த மரத்துக்கு அதன் தடிப்பும் வடிவுமே வலிமை. உள்ளே வேறு தாங்கல் வேண்டா. கித்தாரின் உடல், பழந்தமிழர் யாழுறுப்பைச் சொன்ன சொல்லாற் கூறின் அதன் பத்தர், அங்ஙனம் ஆவதன்று. மெல்லிய பலகைகளைக் கூட்டி ஒட்டிய பெட்டியே அது. முன்னே மேற்பலகை, இருமருங்கும் சூட்டினால் வளைத்த விலாப்பலகை, பின்னே முதுகுப்பலகை. முதுகுப்பலகையின் தடிப்பு இரண்டரை மில்லிமீட்டரளவே. ஒரு பலகையை இரண்டாக அறுத்துப் புத்தகம் விரித்தாற்போல் விரித்து நடுவில் ஒட்டினால் இருபாதியின் இழையும் ஒன்றற்கொன்று எதிரொத்து நிற்கும். அந்நடுமூட்டின் உட்புறத்தே, இழை குறுக்காக ஓடும் மெல்லிய பட்டையொன்றை நெடுக ஒட்டுவர். அதன்மேல் குறுக்காக, உடலின் அகலம் முழுதும் செல்லுமாறு இடும் சட்டங்களே முதுகுச்சட்டங்கள். இசுப்பானிய முறைக் கித்தாருக்குப் பெரும்பாலும் மூன்று; எஃகு நரம்புடைய அமெரிக்கக் கித்தாருக்குப் பெரும்பாலும் நான்கு.

ஓசையைப் பிறப்பிப்பது மேற்பலகையன்றோ, முதுகுக்கு இத்துணைக் கவலை எதற்கு எனில், அவ்வினா நியாயமானதே. தோரெஸ் என்பார் 1862-இல், மேற்பலகையை மட்டும் மரத்தாற் செய்து, முதுகையும் விலாவையும் காகிதக்கூழால் அமைத்து ஒரு கித்தார் செய்தார். மேற்பலகையே தலையாயது என்று காட்டுதற்கே அதனைச் செய்தார் என்ப. பார்சிலோனா நகரத்து இசைக்காட்சிச்சாலையில் அக்கருவி இன்றும் இருக்கின்றது. யாமும் அக்கதையைப் படித்துவிட்டே முதுகினை இலேசாக எண்ணினோம். ஆனால் காகிதக்கூழுக்கு இழையில்லை. மழைக்கும் வெயிலுக்கும் ஒருபுறமாக மட்டும் நீண்டு சுருங்குதல் இல்லை. மரத்துக்கு உண்டு. இவ்வேறுபாடு எமக்கு அப்பொழுது தோன்றவில்லை.

எம் தந்தையார் தச்சர், நீங்கள் அறிவீர்கள். யாம் ஏட்டைப் பிடித்துக்கொண்டு உளியை விட்டோம். அவருடைய கருவிப்பெட்டி பரண்மேல் இருபது ஆண்டு கிடந்தது. எம் தமக்கையார் மகன் அதனை இறக்கித் துருநீக்கித் தீட்டி, மரக்கடையொன்றில் நாற்காலி மேசை செய்துகொண்டு, ஒழிந்த நேரத்தில் கித்தார் செய்யவேண்டுமென்று விரும்பினான். தமக்கையாருக்கு அது விருப்பமன்று. “ஒரு அரசாங்க வேலைக்குப் படிக்கச் சொல்லக்கூடாதா, தம்பி?” என்று எம்மிடம் முறையிட்டார்கள். யாம் மருகன் பக்கம் பேசினோம். பேசியதோடு நில்லாமல், முதுகுப்பலகைக்கு மரமும் கொடுத்தோம்.

அம்மரம் எம் தந்தையார் தம் கையாற் செய்த ஈட்டிமரக் கட்டிலின் தலைமாட்டுப் பலகை. அவர் இறுதிநாள் வரையிற் கிடந்தது அக்கட்டிலில். கால்கள் செல்லரித்துப் போயின. பலகை மட்டும் கறுத்து வைரமேறிக் கிடந்தது. நம் மலைகளில் வளரும் இவ்வீட்டிமரம் உலகெங்கும் கித்தார் முதுகுக்கு விரும்பப்படுவது. முன்னே பிரேசில் நாட்டு ஈட்டியையே அமெரிக்கர் ஆண்டனர். அது அருகியமையால் மார்ட்டின் பட்டறையார் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறினர். பிரேசில் ஈட்டியின் வாணிகத்தை 1992-இல் உலக நாடுகள் உடன்படிக்கையால் தடுத்தன. அவ்வினத்து மரங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் 2017-இல் கட்டுப்பாட்டுக்குட் கொணர்ந்தன. ஆதலின் நம் வீடுகளில் பழைய ஈட்டிக் கதவோ கட்டிலோ இருப்பின், பழஞ்சாமான் கடைக்கு நிறைபோட்டு விற்பதற்கு முன் ஒருமுறை எண்ணிப்பாருங்கள். இது இடையே சொன்னது.

பலகையை அறுத்து இழைத்தது புரட்டாசியில். சட்டம் ஒட்டும் நாள் கார்த்திகையில் வந்தது. அடைமழை, சுவர் வியர்த்தது, கதவு நிலையிற் புகவில்லை. “மாமா, மழை விடட்டும், தை மாசி கழிந்து ஒட்டுவோம்” என்றான் மருகன். தைத்திங்களில் நம் சங்கத்து ஆண்டுவிழா. நம் குலத்துப் பிள்ளை செய்த கித்தாரென்று மேடையிற் காட்டவேண்டுமென்னும் ஆசை எமக்கு. “நாற்பது ஆண்டு முதிர்ந்த மரம், இனி அதற்கு அசைவேது? ஒட்டு” என்றோம். அவன் மறுபடியும் ஒருமுறை சொன்னான். யாம் மாமன் என்னும் முறையைப் பயன்படுத்தினோம். அவன் ஒட்டினான்.

முதிர்ந்த மரம் அசையாதென்றது முழுப்பிழை. மரம் எத்துணையாண்டு முதிரினும், காற்றில் ஈரம் மிகுந்தால் அதனை ஏற்கும், குறைந்தால் விடும். ஏற்கும்பொழுது அகலத்திற் பெருக்கும். விடும்பொழுது அகலத்திற் சுருங்கும். இழையோடும் நீளத்திலோ அவ்வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். ஆரப்போக்கில் அறுத்த ஈட்டிப்பலகை 360 மில்லிமீட்டர் அகலமுடையதாயின், அதன் ஈரம் தன் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறையுங்கால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். இதனொடு முதுகுச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். பலகையின் இழை நெடுக ஓடுகின்றது. சட்டத்தின் இழை குறுக்கே ஓடுகின்றது. பலகை சுருங்க விரும்பும் திசை எதுவோ, அத்திசையில் சட்டம் சிறிதும் சுருங்காது. இரண்டும் ஒட்டப்பட்டுள்ளன. சட்டம் விடாது, பலகை விடமுடியாது.

ஆகையாற்றான் சட்டத்தின் அடியை நேராக இழைக்காமல் மெல்லிய வளைவாக இழைப்பர். ஆரம் நாலரை மீட்டர் கொண்ட வட்டத்தின் ஒரு சிறு துண்டே அவ்வளைவு. 360 மில்லிமீட்டர் அகலத்துக்கு நடுவில் மூன்றரை மில்லிமீட்டர் மேடு உண்டாகும். அழகுக்கும் அது பயன்படும்; முதற்பயன் வேறு. பலகை உலர்ந்து சுருங்கும்பொழுது, பிளப்பதற்கு முன் அம்மேடு தாழ்ந்து கொடுக்கும். மழைநாளில் பலகை பெருத்தால் மேடு சிறிது உயரும், அதனால் ஊறில்லை. எனவே உலர்ந்த நிலையில் ஒட்டப்பெற்ற முதுகு எக்காலத்தும் பிழைத்துக்கொள்ளும். ஈரநிலையில் ஒட்டப்பெற்றதோ, உலருந்தோறும் தாழ்ந்து, தட்டையாகி, பின் உட்குழிந்து, இறுதியிற் பிளக்கும். மேனாட்டுக் கைவினைஞர் பட்டறைக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 அளவில் நிற்குமாறு காத்து, அதன்பின்னரே சட்டம் ஒட்டுவது இதற்காகவே. எம் கார்த்திகையில் அது 85-க்குக் குறைந்திராது.

தையில் நீங்கள் கைதட்டினீர்கள். பங்குனியில் மருகன் அளவுகோலை முதுகின்மேல் வைத்துக் காட்டினான். மேடு முற்றுந் தாழ்ந்து கோல் ஒட்டப்படிந்தது. “வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்” என்றோம். சித்திரையில் ஒருநாளிரவு மாடியறையில் பட்டென்றோர் ஓசை. காலையிற் பார்த்தால், கீழ்ச்சட்டத்தை ஊடறுத்து நாலங்குலத்துக்கு இழைவழியே பிளவு. ஒளி புகும் பிளவு. எம் தந்தையார் தலை சாய்த்த பலகை நாற்பது ஆண்டு பிளவாதிருந்து, எம் அவசரத்தால் நான்கு திங்களிற் பிளந்தது. மருகன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு எளிதாயிருக்கும்.

அம்முதுகைக் காத்தது ஒட்டுப்பசை. அவன் கடைப் புட்டிகளில் விற்கும் வெண்பசையைக் கொண்டு ஒட்டலாமென்றபோது, யாம் வச்சிரமே வேண்டுமென்று அடம்பிடித்தோம். அறிந்து செய்ததன்று, எம் தந்தையாருடைய பித்தளை வச்சிரச்சட்டி பெட்டியிற் கிடந்தது, அதனைப் பயன்படுத்தவேண்டுமென்ற ஆசைதான். எம் பிடிவாதங்களுட் பயன்பட்டது இஃதொன்றே. வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். மெல்லிய தட்டைக்கத்தியைச் சுடுநீரிற் காய்ச்சித் துடைத்து, விளிம்பிலே சிறிதுசிறிதாகச் செலுத்தி, ஒருநாள் முழுதும் உழைத்து முதுகைக் கழற்றினான். மறுநாள் மூன்று சட்டங்களையும் அவ்வாறே எடுத்தான். கடைசிச் சட்டம் நீங்கியவுடன் பிளவு தானே மூடிக்கொண்டது, கைந்நகத்துக்கும் புலப்படவில்லை. இழுத்துப் பிடித்தவன் கையை எடுத்தால் இழுபட்டவன் இயல்பாக நிற்பதுபோல. நீர்த்த வச்சிரத்தைப் பிளவினுட் தேய்த்து அழுத்தி, உட்புறத்தே நாற்கோண வடிவான சிறு மரத்துண்டுகள் நான்கு, இழை பிளவுக்குக் குறுக்காக ஓடுமாறு வைத்து ஒட்டினான்.

இம்முறை யாம் நாளைக் குறிக்கவில்லை. நாளைக் குறித்தது சமையற்கட்டுத் தராசு. மரப்பெட்டியொன்றினுள் இழைவிளக்கு ஒன்றை எரியவிட்டு, முதுகுப்பலகையையும் சட்டமரத்தையும் விளக்குக்கு எட்டவைத்து, நாள்தோறும் பலகையை நிறுத்தான். முதல்நாள் 291 கிராம். நாளுக்கு நாள் குறைந்து பன்னிரண்டாம் நாள் 284. அதன்பின் மூன்றுநாள் முள் அசையவில்லை. பெட்டியினுள் வைத்த ஈரமானி 45-இல் நின்றது. ஈரமானி பெரும்பொருளன்று, ஒரு நல்ல உளியின் விலைகூட ஆகாது.

சட்டமரத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மேற்பலகைக்கென வரவழைத்த ஸ்ப்ரூஸ் மரத்தின் மிகுதியே எங்கள் சட்டத்துக்கு ஆயிற்று. இலேசும் விறைப்பும் ஒருங்கே உடைய மரம் அது. செட்ரெலா என்னும் மரத்தாலும் இசுப்பானியர் சிலர் முதுகுச்சட்டம் செய்வர். அது நம் வேம்பின் குடும்பத்தது. எம்மரமாயினும் வாளால் அறுத்தெடுப்பதினும் உளி வைத்துப் பிளந்தெடுத்தல் நன்று. பிளந்தால் இழை தான் போகும் வழியிலே போகும். சட்டத்தின் ஒருமுனை தொடங்கி மறுமுனை வரை இழை அறாது நிற்கும். அறுத்த சட்டத்தில் இழை பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அங்கேயே ஒடியும். ஆண்டுவளையங்கள் நின்றவாக்கில் இருக்கவேண்டும், படுத்தவாக்கில் இருத்தலாகாது. அகலம் எட்டு மில்லிமீட்டர், உயரம் பதினைந்து அளவிற் கொள்ளலாம்.

அடிவளைவை இழைப்புளியால் ஏறக்குறைய வாங்கி, பின் அவ்வளைவாகவே குடைந்த அச்சுப்பலகையின்மேல் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் சட்டத்தைத் தேய்க்கவேண்டும். அடிமுழுதும் சுண்ணக்கட்டியால் கோடிட்டுத் தேய்த்தால், கோடு எங்கே அழியவில்லையோ அங்கே படியவில்லை என்பது தெரியும். படியாத சட்டத்தைப் பசையின் வலிமையால் இழுத்துப் படியவைக்கக் கருதுவோன், அவ்விழுப்பையும் கருவியினுள் நிலையாக வைத்தவனாவான். நடுமூட்டுப் பட்டையைச் சட்டம் கடக்கும் மூன்றிடத்தும், சட்டத்தின் அகலத்துக்கு மட்டும் கூர்ங்கத்தியால் வெட்டி நீக்கவேண்டும். மயிரிழை கூடினும் அங்கே வெற்றிடம் நிற்கும். இவ்வேலையில் மருகன் ஒரு முழுக்காலையைச் செலவிட்டான். யாம் வாய்திறக்கவில்லை.

ஒட்டுதற்கு இருப்பிடுக்கிகளினும் வளைகழி நன்று. மேலும் கீழும் இரண்டு பலகை, அடிப்பலகையின்மேல் குழிந்த அச்சு, அச்சின்மேல் முதுகு, முதுகின்மேல் சட்டம். சட்டத்துக்கும் மேற்பலகைக்கும் உள்ள இடைவெளியினும் சற்று நீண்ட மூங்கிற்சிம்புகளை வில்லாக வளைத்து இடையில் நிறுத்தினால், அவை நிமிர முயலும் விசையே சட்டத்தை அழுத்தும். மூங்கிலின் மேற்றோலைச் சீவிவிடலாகாது. வலிமை அங்கேதான் உளது. புறத்தே வயிரம் உடையதைப் புல்லென்றும் அகத்தே உடையதை மரமென்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்ததை வகுப்பறையில் பலமுறை பாடஞ்சொல்லியிருக்கின்றோம். அதன் பொருளை இம்மூங்கிற்சிம்பு கையிற் குத்திய அன்றுதான் கையும் அறிந்தது.

வச்சிரம் அறுபது பாகைச் சூட்டில், நீர்ச்சட்டிக்குள் சட்டியாக வைத்துக் காய்ச்சவேண்டும். கொதிக்கவிட்டால் வலி குன்றும். தடவியபின் ஒரு நிமிடத்துக்குள் சட்டம் அமர்ந்து சிம்புகள் நிற்கவேண்டும். அதற்குள் அது உறையத் தொடங்கும். ஆதலின் பசையின்றி இரண்டுமுறை ஒத்திகை பார்த்தோம். சட்டத்தையும் விளக்கருகே சூடேற்றினோம். வைகாசியில் காற்று நன்கு உலர்ந்து, ஈரமானி 46 காட்டிய ஓர் உச்சிப்பொழுதில் மூன்று சட்டங்களும் அமர்ந்தன. யாம் சிம்பு எடுத்துக்கொடுக்கும் பணியில் இருந்தோம்.

ஒட்டி ஒருநாள் கழித்தே சட்டத்தை வடிவாக்கல் வேண்டும். மேல்விளிம்பைக் கூரையின் முகடுபோலச் செதுக்கினால், எடை குறையும்.  இருமுனையிலும் நாலைந்து சென்டிமீட்டர் தொலைவுக்குச் சரித்து, கடைசியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம் விடுவர். அம்முனை, விலாப்பலகையின் உள்விளிம்புப் பட்டையில் வெட்டிய குழிவினுள் இறுக்கமின்றியும் தளர்வின்றியும் பொருந்தவேண்டும். நீளம் மிகுந்தால் விலாவை வெளியே தள்ளும். குறைந்தால் நாளடைவில் முனை பெயர்ந்து, ஒரு குறித்த சுரத்துக்கு மட்டும் வண்டுபோல் இரையும். அவ்விரைச்சல் எங்கிருந்து வருகின்றதென்று கண்டுபிடித்தல் பெரும்பாடு.

முதுகை மீட்டும் மூடுமுன் மருகன் உட்புறத்தில் ஏதேனும் எழுதவேண்டுமா என்று கேட்டான். தந்தையார் பெயரை எழுதச் சொன்னோம். நடுமூட்டுப் பட்டையில் கரிக்கோலால் எழுதினான், எழுத்து நன்றாயில்லை, யாம் திருத்தவில்லை.

அதன்பின் ஐப்பசி கார்த்திகை மழை கண்டது. மேடு மூன்றரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டருக்கு உயர்ந்தது. இவ்வாண்டுச் சித்திரையில் மூன்றுக்கு வந்தது. அதற்குக் கீழ் இறங்கவில்லை. பிளவு திறக்கவில்லை. மருகன் இப்பொழுது இரண்டாவது கித்தாரைத் தொடங்கியிருக்கின்றான். அதன் முதுகுப்பலகை எடைபார்த்து முடியும்வரை எவரும் நாள் கேட்கலாகாதென்று தமக்கையார் வீட்டில் ஆணையிட்டிருக்கின்றார்கள். அரசாங்க வேலைப் பேச்சு இப்போது சிறிது குறைந்திருக்கின்றது, நின்றுவிடவில்லை.

முதற்கித்தார் அதோ அம்மேசையின்மேல் இருக்கின்றது. அருகே ஒரு கைவிளக்கும், பல்மருத்துவர் வாயுட் பார்க்கும் சிறு கண்ணாடி போன்றதொரு கண்ணாடியும் வைத்திருக்கின்றோம். ஒலித்துளை வழியே நோக்கினால் மூன்று சட்டங்களும், அந்நான்கு துண்டுகளும், பட்டைமேல் எழுதிய பெயரும் தெரியும். பார்க்க விரும்பும் இளைஞர் ஒருவர்பின் ஒருவராக வருக. நரம்பை மட்டும் முறுக்கவேண்டா. மருகன் இப்பொழுதுதான் சுருதி கூட்டிவைத்தான்.